பதினாறு வயது முதல் குடியிருந்த இடங்கள்

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்தில் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டேன். பதினாறு வயதிலிருந்து எங்கெங்கே குடியிருந்தீர்கள், எப்போது முதல் எப்போது வரை, எல்லா முகவரியும் தருக என்கிறது. நாற்பது வருஷம் தபால் இலாகாவில் ஊரார் முகவரிகளைப் பார்த்துப் பிரித்துப் போட்டவன் நான். என் கணக்கில் பதினொரு வீடு வருகிறது. கதவு எண்ணோடு நினைவில் நிற்பது ஏழுதான்.

*

எனக்குப் பதினாறு வயது 1968-இல். அப்போது மாநிலத்தின் பெயர் மதராஸ். தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். படிவம் மாநிலமும் கேட்கிறது, அஞ்சல் குறியீடும் கேட்கிறது. எங்கள் ஊர் லால்குடிக்குப் பக்கம். தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு எண் கிடையாது. அப்பா பெயர், ஊர்ப் பெயர், 'லால்குடி வழி' என்று மூன்று வரி எழுதினால் கடிதம் திண்ணைக்கு வந்துவிடும்.

"அப்பா, 'பொருந்தாது'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் போடுங்க" என்றாள் மகள் நியூஜெர்சியிலிருந்து. போட்டேன். மனசு ஒப்பவில்லை.

*

பள்ளிச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1952 ஜூன் 1. ஜாதகப்படி அந்த வருஷம் ஆவணி. வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டியது. ஐந்து வயது ஆகிவிட்டதென்று ஜூன் 1 போட்டுவிட்டார். அரசு ஊழியர் மாதத்தின் முதல் தேதியில் பிறந்திருந்தால் முந்தின மாதக் கடைசி நாளே ஓய்வு. 2012 மே 31-இல் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். எட்டிய கையால் போனது மூன்று மாதச் சம்பளம்.

பிறப்புச் சான்று கிடையாது. இப்போதுள்ள பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கிராம முன்சீப் எழுதினால் உண்டு. தேடிப் பார்த்து, அந்த வருஷப் பதிவில் என் பெயர் இல்லை என்று ஒரு சான்று வாங்கினேன். இல்லை என்பதற்கும் முத்திரை உண்டு. கூடவே, என் பிறப்பை அறிந்த மூத்தவர் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம். எழுபத்து மூன்று வயதுக்காரனுக்கு மூத்தவரை எங்கே தேடுவது? எண்பத்தாறு வயதில் அத்தை இருக்கிறார்.

"ஜூன் மாசமா? ஆவணிலடா நீ பொறந்தே. நான் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். பொய்யி எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

கடைசியில் 'பள்ளிப் பதிவின்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்தபிறகுதான் பேனாவைத் தொட்டார்.

*

காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு, திரும்பும் வழியில் காபி. நாங்கள் ஐந்து பேர், ஐவரும் ஓய்வூதியர். பேச்சு இரண்டு வருஷமாக வெளிநாட்டு விசாதான்.

ஆஸ்திரேலியக்காரருக்கு மூன்று பிள்ளைகள். மெல்போர்னில் ஒருவன், சென்னையில் ஒருத்தி, கோவையில் ஒருவன். பெற்றோர் விசாவுக்கு அங்கே ஒரு தராசு உண்டு: பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். இவருக்கு அங்கே ஒன்று, இங்கே இரண்டு. தேறவில்லை. தேறினாலும் சாதாரண வரிசையில் காத்திருப்பு முப்பது வருஷத்துக்கு மேல் என்று அந்த அரசே சொல்கிறது. "எழுபதுல மனு போட்டா நூறுல கூப்பிடுவான்" என்று சிரித்தார்.

கனடாக்காரர் மகன் 2021-இல் போனவன். பெற்றோரை அழைக்க விருப்பமுள்ளவர்கள் 2020-இல் பெயர் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தப் பழைய குடத்திலேயே கைவிட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மகனின் சீட்டு குடத்திலேயே இல்லை. மிச்சம் இருப்பது சூப்பர் விசா. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம், ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

லண்டன்காரர் விசாவுக்குச் சண்டை போடுவதையே விட்டுவிட்டார். 2012-இல் அங்கே விதியை இறுக்கினார்கள். குளிக்க, உடுத்த, சமைக்க இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு, பிள்ளை பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். "தினம் மூணு கிலோமீட்டர் நடக்குறேன், அதான் குத்தம்" என்கிறார்.

ஐந்தாமவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்தான் மலேசியா, தாய்லாந்து எல்லாம் விசாரித்தவர். மலேசியாவின் 'எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் 2024 விதிப்படி வெள்ளிப் படிக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்பு, அதோடு ஆறு லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு. தாய்லாந்து ஐம்பது வயது ஆனவரை ஏற்கிறது. வங்கியில் எட்டு லட்சம் பாட் வேண்டும், தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். "அங்கேயெல்லாம் ரிடையர் ஆனவன்னா மரியாதை, பாஸ்புக்கைப் பார்த்து. உங்க ஊருங்கள்ல ரிடையர் ஆனவனுக்கு இடமே இல்லை. அப்பாவா இருந்தாத்தான் கதவு திறக்கும்" என்றார்.

உண்மைதான். அமெரிக்காவில் ஓய்வுபெற்றவருக்கென்று விசா கிடையாது. மகள் குடிமகள், இருபத்தொரு வயதுக்கு மேல். அதனால் எனக்கு வரிசை இல்லை, ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பும் இல்லை. முப்பத்தேழு வருஷ சர்வீஸை அங்கே யாரும் பொருட்படுத்தப் போவதில்லை.

*

மேலே 'நாற்பது வருஷம்' என்று எழுதினேன். பேச்சுவழக்கில் அப்படித்தான் வந்துவிடுகிறது. சர்வீஸ் புத்தகத்தில் முப்பத்தேழு. படிவம் நிரப்ப ஆரம்பித்தபிறகு பொய் சொல்ல பயமாக இருக்கிறது.

*

பெயர் விவகாரம். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போட்டார்கள். மனைவிக்கு அதே இடத்தில் என் பெயர். மகளுக்கு மாப்பிள்ளை பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். எங்கள் தெரு நண்பர் ஒருவர் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போனார். அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிட்டது. முதல் பெயர் என்ற இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியாது. அங்கே மருந்துக் கடைப் பெண் அவரை 'மிஸ்டர் ஃப்னூ' என்றாளாம்.

போன தடவை மகளோடு பல் டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளிருந்து அப்பா பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் போய் நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. ஒரு நிமிஷம் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

*

மகள் தன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு மனு போட முடியாது. ஆளுக்கொன்று. அதிலும் வேறுபாடு உண்டு: அம்மாவுக்கு, மகளின் பிறப்புச் சான்று போதும். அப்பாவுக்கு அதோடு பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். பெற்றவள் யாரென்பதில் எந்தச் சர்க்காருக்கும் சந்தேகம் வருவதில்லை.

எங்கள் கல்யாணம் 1979 மே. அப்போது யார் பதிவு செய்தார்கள்? தமிழ்நாட்டில் கட்டாயமானதே 2009-இல். மஞ்சள் பூசிய பத்திரிகை ஒன்று டிரங்குப் பெட்டியில் அகப்பட்டது. அதையும் மாலையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனோம். முன்னால் இரண்டு சின்னஞ்சிறு ஜோடிகள், வீட்டுக்குத் தெரியாமல் வந்த முகம். எங்களைப் பார்த்து அவர்களில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "நீங்க யாருக்குச் சாட்சி, பாட்டி?" என்று கேட்டாள். "எனக்குத்தான் கல்யாணம்" என்றாள் என் மனைவி.

*

மகள் ஒரு ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அங்குள்ள வறுமைக்கோட்டில் நூற்றிருபத்தைந்து சதவீதத்துக்குக் குறையாமல் வருமானம் காட்டி, இவர்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது. ஒப்புக்குப் போடுவதல்ல, கோர்ட்டில் நிற்கும். நாங்கள் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது இறக்கும் வரை, அல்லது நாட்டை விட்டே போய்விடும் வரை அவளைக் கட்டும்.

இங்கேயும் 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளை கைவிட்டபிறகு போய்ச் சொல்லிக்கொள்ள ஓர் இடம். அங்கே முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். அவள் கையெழுத்திட்ட நகலை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அந்தக் கையெழுத்தை ஸ்லேட்டில் பழக்கியவன் நான். சரிபார்ப்பதுபோல இரண்டு தடவை பார்த்தேன்.

*

எதற்கு இத்தனையும் என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். பத்து வருஷச் சுற்றுலா விசா கையில் இருக்கிறது. போனால் ஆறு மாதம் வரை இருக்கலாம். போதாதா?

"நாலு தடவை போயிட்டோம்ங்க. நாலு தடவையும் போய் இறங்கினதும் கேக்குறது ஒண்ணுதான், திரும்பற டிக்கெட் எப்போ? ஏர்போர்ட்டுல ஆபீசர் கேக்குறான். பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா. பேத்தியும் கேக்குறா. ஒரு தடவையாவது தேதி இல்லாம எம் பொண்ணு வீட்டுல இருக்கணும்."

நான் வேறு பதில் எதிர்பார்த்திருந்தேன்: பேத்தி, வயசு, மருந்து என்று.

*

மறுநாள் மகள் அனுப்பிய விதிகளைப் படித்தேன். பச்சை அட்டை வாங்கியபின் அங்கிருந்து கிளம்பி ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் கேள்வி வரும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் புறப்படும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு மனுப் போட்டிருக்க வேண்டும். அறுபத்தைந்து வயதானாலும், வேலை பார்த்த கணக்கில்லாத எங்களைப் போன்றவர்கள் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேர்வதற்கே தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். இங்கே கையில் இருக்கும் சிஜிஹெச்எஸ் மருத்துவ அட்டை அங்கே பர்ஸில் கிடக்கும்.

மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்போ இனிமே ஸ்ரீரங்கம் வர்றதுக்குத் திரும்பற டிக்கெட் எடுக்கணுமா?"

ஆமாம் என்றேன்.

*

பணம். அட்டை வாங்கியவர் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒருநாள் பத்தாயிரம் டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை. என் சேமிப்பெல்லாம் தபால் அலுவலகத்தில். நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பிறருக்குத் திறந்து கொடுத்த அதே வகைக் கணக்கு, இனி 'வெளிநாட்டுக் கணக்கு'. இங்கும் நான் வெளிநாடுவாழ் இந்தியன் ஆகிவிடுவதால் சேமிப்புக் கணக்கை வேறு வகைக்கு மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தில் புதிதாகப் போட முடியாது. ஊரில் அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் இருக்கலாம், புதிதாக வயல் வாங்க முடியாது. வாங்கப் போவதில்லைதான். முடியாது என்றதும் ஆசை வருகிறது.

நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அங்கிருந்தால் இந்தியத் தூதரகத்தில் வாங்கி அனுப்பலாம். ஒரு சர்க்காரிடம் வசிக்கிறேன் என்றும், இன்னொரு சர்க்காரிடம் உயிரோடு இருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

*

விட்டுப்போன நான்கு வீடுகளையும் மனைவிதான் சொன்னாள். அவளுக்கும் தனிப் படிவம், அவளுக்கும் பதினாறு வயதிலிருந்து. முதல் வரி அவள் அப்பா வீடு. 1979 மே மாதத்திலிருந்து இரண்டு பட்டியலும் ஒன்று.

துறையூரில் கிணற்றடி வீடு. மகளுக்கு அம்மை வார்த்தது அங்கே, ஆகவே 1984 கோடை. முசிறியில் மாடி, படியில் விழுந்து கை ஒடிந்தது ஐப்பசி மழையில், ஆகவே அக்டோபர். பெரம்பலூரில் ஒன்பது மாதம். வீட்டுக்காரம்மா தண்ணீர் விடாததால் காலி செய்தது. நான் மாற்றல் உத்தரவுத் தேதியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன மாதங்களை சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பதினைந்து நாள் வித்தியாசம். புத்தகம்தான் தப்பு என்கிறாள்.

*

அட்டையை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும் இடம். அங்கே இப்போது குடியிருப்பவர் பெயர் என்று ஒரு வரி. பார்த்ததும் புரிந்துவிட்டது, நம்முடைய 'மே/பா'. என் காலத்தில் மே/பா போட்டு வந்த கடிதங்கள் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு, புதிதாக மாற்றலாகி வந்தவர்களுக்கு, பிள்ளை வீட்டுக்குப் போன பெரியவர்களுக்கு. மூன்றாம் வகைக்குப் பொங்கல் வாழ்த்தும் மணியார்டரும்தான் வரும்.

மகள் பெயரை எழுதினேன். தெரு, ஊர், நியூஜெர்சி. ஜிப் கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறது. நம் பின்கோடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது. கவுண்டரில் பார்த்திருந்தால் தவறு என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளைக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.