அக்காவின் பல்லும் என் பல்லும்

சென்ற மாதம் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரும் நானும் பல்செட்டைக் கழற்றி, ஆளுக்கொரு கோப்பைத் தண்ணீரில் போட்டு வைத்தோம். அக்காவின் பேரன் இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எது நல்ல பல்லு?" என்று கேட்டான். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்து, பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அக்காவின் பல்செட் கையால் செய்தது. என்னுடையது கணினியின் துணையுடன் செய்தது.

அக்கா முதன்முதலில் பல் கட்டியது 2007இல். அப்போது அவர் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பல் கைக்கு வர ஐந்து முறை போக வேண்டியிருந்தது. முதல் நாள், பசைபோல் குழைத்த மாவைத் தட்டில் வைத்து வாயில் அழுத்தி ஈறின் அச்சை எடுத்தார்கள். அடுத்த முறை, அவருடைய வாய்க்கென்றே செய்த தட்டைக் கொண்டு இன்னும் நுட்பமான அச்சு. மூன்றாம் முறை, மெழுகுக் கட்டைகளை வைத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கும் உயரத்தை அளந்தார்கள். நான்காம் முறை, மெழுகில் பதித்த பற்களை மாட்டிப் பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அதன்பின் அந்த மெழுகு மாதிரியைச் சாந்துக்குள் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைத்துச் சுடுநீரில் வேக வைப்பார்கள். வல்கனைட் என்ற கெட்டி ரப்பரின் இடத்தை 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிடித்தது முதல், அடிப்படையில் இதுவே முறை.

நகரத்தில் இருப்பவருக்கு ஐந்து முறை என்பது ஐந்து பயணம். தோட்டத்தில் அது ஐந்து 'பேர்'. ஒரு நாள் வேலை செய்ததாகச் செக்ரோலில் பதிவதைத்தான் அங்கே பேர் என்பார்கள். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அக்காவின் பேர்களில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் இந்தக் கணக்கு எனக்கு மறப்பதில்லை.

என் பல்செட் 2024இல் கொழும்பில் செய்தது. மூன்று முறை போனேன். என் வாயிலும் அச்சு எடுத்தார்கள். பல்லே இல்லாத வாயில் அசைந்துகொடுக்கும் ஈறின் ஓரங்களை ஸ்கேனர் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், கையால் அச்செடுத்து அந்த அச்சை ஸ்கேன் செய்வதே நல்லது என்றார் மருத்துவர். பிறகு எல்லாம் திரையில் நடந்தது. பற்களைத் திரையிலேயே அடுக்கி, தொழிற்சாலையில் அழுத்தத்தின் கீழ் ஏற்கெனவே இறுக்கிய அக்ரிலிக் வட்டிலிலிருந்து இயந்திரம் செட்டைக் குடைந்தெடுத்தது. வேக வைக்கும் அக்ரிலிக் இறுகும்போது சற்றுச் சுருங்கும். இதில் அந்தச் சுருக்கம் முன்பே நடந்து முடிந்துவிடுவதால் ஈறோடு நன்றாகப் பொருந்துகிறது. அச்சு இயந்திரத்தில் படலம் படலமாக உருவாக்கும் முப்பரிமாண முறையும் உண்டு. செலவு குறைவு. ஆனால் குடைந்தெடுத்ததன் உறுதி பொதுவாக அதற்கு இருப்பதில்லை.

இதுவரை படித்தவர்கள் கணினிக்கே வெற்றி என்று நினைக்கலாம். நான் கொடுத்த பணம் அக்கா கொடுத்ததைப்போலப் பல மடங்கு. 2023இல் அக்காவின் செட் நடுவில் விரிசல் விட்டபோது, ஹட்டன் நகரில் ஒருவர் அன்று மாலையே ஒட்டிக் கொடுத்துவிட்டார். பழைய முறையின் பலம் அதுதான். அதைத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆனால் வேறொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2020இல், கொரோனா முடக்க காலத்தில், அக்கா பீலியில் பல்லைக் கழுவும்போது அது கைதவறி வாய்க்காலோடு போய்விட்டது. வேக வைத்த பல்செட்டை வெளியே எடுக்கும்போது சாந்து அச்சு பெரும்பாலும் உடைந்துபோகும். ஆகவே பழைய அச்சு எங்கும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு மாதம் கஞ்சியும் கரைத்த சோறும்தான். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். மகள் திருமணப் படங்கள் ஒன்றிலும் அக்கா சிரிக்கவில்லை.

2025 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனவன், என் பல்செட்டை விடுதியில் மறந்துவிட்டு வந்தேன். கொழும்புக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் வாயின் அளவுகள் கோப்பாக அங்கே இருந்தன. ஒரு வாரத்தில் அதே பல் மறுபடி வந்தது.

அந்தக் கோப்பை நினைக்கும்போது பழைய ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. 1970இல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பல் வைத்தியமோ வழக்கமான பல் துலக்கலோ இல்லாதவர்களிடம் ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று அறிவதே நோக்கம். நூற்றுக்கு 8 பேரிடம் நோய் வேகமாகவும் 81 பேரிடம் மிதமாகவும் முன்னேறியது, 11 பேரிடம் ஈறு அழற்சிக்கு அப்பால் போகவில்லை என்று 1986இல் எழுதினார்கள். 2010இல் அவர்களில் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்தது சராசரியாக 13 பற்கள். பல் மருத்துவ உலகில் இது புகழ்பெற்ற ஆய்வு. அதன் பயனை நான் மறுக்கவில்லை. எங்கள் அப்பாக்களின், அண்ணன்மாரின் வாய்களைப் பற்றிய கணக்கு உலகின் மருத்துவ நூலகங்களில் அரை நூற்றாண்டாகப் பத்திரமாக இருக்கிறது. அக்காவின் வாயின் அளவு மட்டும் அவருக்கு வேண்டியபோது எங்கும் இருக்கவில்லை.

பேரனுக்கு மறுநாள் காலையில் பதில் சொன்னேன். மெல்லுவதற்கு இரண்டும் நல்ல பல்தான். பல் போன தாடை எலும்பு நாளடைவில் தேயும், அப்போது எந்தச் செட்டும் தளரும், உள்பக்கம் திருத்த வேண்டும். இரவில் இரண்டையும் கழற்றி நீரில் வைக்க வேண்டும். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள் முக்கியமாக, வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. தொலைந்துபோனால் திரும்பக் கிடைக்குமா, அதற்கு எத்தனை பேர் போகும் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஏற்கெனவே இருக்கும் செட்டையே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளவும் முடியும். இதைச் சொன்னதும் அதுவரை பேசாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"புதுப் பல்லெல்லாம் வேணாம் தம்பி. இதையே அந்தப் பெட்டியில ஒரு தடவை எழுதி வச்சிரச் சொல்லு. அடுத்த மாசம் சின்னவளுக்குக் கல்யாணம்."

வருகிற வாரம் கண்டிக்கு அழைத்துப் போகிறேன்.