சல்யூட் அடித்துத் திறந்த கேட்

சென்னைப் புறநகரில் எங்கள் அபார்ட்மென்ட். மூன்று மாடி, 36 வீடுகள், ஒரே ஒரு கேட். அந்த கேட்டில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு பெரியவர் டூட்டி பார்த்தார். விழுப்புரம் பக்கத்து ஆள். வயது அறுபது இருக்கும். இரவுக்கு வேறொருவர். இரவு ஆள் வராத நாட்களில் பெரியவரே தொடர்ந்து மறுநாள் வரை நிற்பார். அப்படி நின்ற நாட்களில் அவர் கண் அசந்தால் மட்டும், எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் படம் வந்துவிடும்.

அவரிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. வருகிறவர் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், எந்த வீடு, வந்த நேரம், போன நேரம். எழுதி முடித்ததும் இண்டர்காமில் அந்த வீட்டைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார்.

நோட்டில் இல்லாததும் அவருக்குத் தெரியும். முதல் மாடிப் பாட்டி தினமும் மாலை ஐந்து மணிக்குப் பூ வாங்கக் கீழே இறங்குவார். ஒருநாள் ஐந்தரை ஆகியும் ஆளைக் காணோம். இண்டர்காமில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. உடனே எங்கள் வீட்டைக் கூப்பிட்டு, "அம்மா, பாட்டி இன்னும் இறங்கல, கொஞ்சம் போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. காவல் என்றால் திருடனைப் பிடிப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். தினமும் நடப்பது ஒருநாள் நடக்காமல் போனால் அதைக் கவனிப்பதும் காவல்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

போன வருஷம் சங்கத்துச் செயலாளர் முறை எனக்கு வந்தது. வந்த வேகத்தில் நான் செய்த முதல் காரியம், 'வெளியிலிருந்து வரும் அனைவரும் பதிவேட்டில் எழுதிய பிறகே உள்ளே அனுமதிக்கப்படுவர்' என்று டைப் அடித்து, என் கையெழுத்தோடு கேட்டில் ஒட்டியதுதான்.

ஆவணியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே வைத்திருந்தோம். திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு காரில் வந்தார். பெரியவர் நிறுத்தி நோட்டை நீட்டியிருக்கிறார். அண்ணன் எழுதவில்லை. இண்டர்காம் அடித்திருக்கிறது. கல்யாண வீட்டுச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் வெயிலில் கார் நின்றிருக்கிறது. கடைசியில் யாரோ பார்த்துச் சொல்லி, மேலே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு நோட்டுல எழுதிட்டு வரணுமாமே!"

சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நேராகக் கீழே இறங்கிப் போனேன்.

"ஆளைப் பார்த்தா தெரியலையா உங்களுக்கு? பட்டு வேட்டி கட்டிக்கிட்டு கார்ல வர்றவங்களை எல்லாமா நிறுத்துவீங்க?"

டிரைவர்கள், சமையல்காரர்கள், பந்தி பரிமாற வந்த பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. அதைக் கை காட்டியிருக்கலாம் அவர். காட்டவில்லை.

"தப்புதாம்மா. இனிமே பார்த்துக்கிறேன்."

அண்ணனுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்துவிட்ட திருப்தியில் படியேறினேன்.

மூன்று மாதம் போனது. கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம், இரண்டாவது மாடியில் ஒரே அழுகைச் சத்தம். கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து பார்த்தால் பூட்டு உடைந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. பதினொரு பவுன் போய்விட்டது. மகளுக்காக, சீட்டுப் பணம் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

போலீஸ் வந்தது. கேமரா பதிவை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். காலை 11.20-க்கு ஒரு வெள்ளைக் கார் வருகிறது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். கார் கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறுகிறது. அவர் சல்யூட் அடித்துவிட்டு, இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறக்கிறார். 40 நிமிஷம் கழித்து அதே கார் வெளியே போகிறது. அதற்கும் ஒரு சல்யூட்.

"திருடனுக்கு சல்யூட் அடிச்சு அனுப்பியிருக்கான் பாருங்க" என்றார் ஒருவர்.

போலீஸ் கேட்டதற்காக நோட்டை ஜெராக்ஸ் எடுக்கும் வேலை எனக்கு. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பக்கங்களைப் புரட்டினேன். திருட்டு நடந்த நாளில் வந்த காரைப் பற்றி ஒரு வரி இல்லை. முந்தின வாரமும் கார் எதுவும் இல்லை. அதற்கு முந்தின மாதமும் இல்லை. பால்காரர், கூரியர் பையன், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், ஏ.சி. மெக்கானிக் என்று நடந்து வந்தவர்களும் டூவீலரில் வந்தவர்களும்தான் வரிசையாக இருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனேன். ஆவணியில், என் மகளின் நிச்சயதார்த்த நாள் வரைக்கும் கார் நம்பர்கள் இருந்தன. மறுநாளிலிருந்து இல்லை.

அந்தக் கேட்டில் கார்களுக்கு வழி திறந்துவிட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். "எப்பப் பார்த்தாலும் தூங்குறார்", "வயசாயிடுச்சு", "கவனமே கிடையாது" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நோட்டு என் மடியில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவரை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குக் கடிதம் போனது. கீழே செயலாளர் என்று என் கையெழுத்து.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் ஒரு பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். டார்ச், விசில், மோட்டார் ரூம் சாவி மூன்றையும் கொடுத்தார்.

"டார்ச்சுக்கு புது பேட்டரி போட்டிருக்கேம்மா. மோட்டார் ரூம் கதவு கொஞ்சம் இழுத்துத்தான் பூட்டணும். புதுசா வர்றவர்கிட்ட சொல்லிடுங்க."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆசிரியைக்குக் காட்டினேன். பக்கங்களைப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "என் மச்சானை நிறுத்தினதுக்கு நானும் ஒருநாள் கத்தினேன்" என்றார். இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள்.

புது ஏஜென்சி பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் இதற்கென்றே 2005-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருப்பது தெரிந்தது. உரிமம் இல்லாமல் யாரும் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தக்கூடாது. காவலரின் வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும். அவருடைய நடத்தை, பின்னணி எல்லாம் விசாரித்திருக்க வேண்டும். அவர் புகைப்படமும் சம்பளமும் ஏஜென்சியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள், 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்கின்றன. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் உண்டு.

பெரியவரிடம் ஒருமுறை பயிற்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "சட்டையும் தொப்பியும் கொடுத்தாங்கம்மா. மறுநாளே கேட்ல நிறுத்திட்டாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் கேட்டில் சில மாற்றங்கள். இரவு ஆள் வராவிட்டால் மாற்று ஆள் அனுப்புவது ஏஜென்சி பொறுப்பு. ஒரே ஆளை 24 மணி நேரம் நிறுத்த மாட்டோம். கேபினில் ஃபேன், பக்கத்தில் கழிவறை. சுவரில் 112, 101, 108 பெரிய எழுத்தில். ஊருக்குப் போகிறவர்கள் தேதியைக் கேட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். விருந்தாளி வருவதாக இருந்தால் வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரோ, சைக்கிளோ, வருகிற எல்லோரும் எழுத வேண்டும். எழுதச் சொன்னதற்காகக் காவலரைத் திட்டினால், திட்டியவர் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்தார். நான் முன்னாடியே கீழே இறங்கி நின்றேன். நோட்டையும் பேனாவையும் நானே நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார்.

அன்று மதியம் மனசு கேட்காமல் பெரியவருக்குப் போன் செய்தேன். இப்போது வேறொரு குடியிருப்பில் இருக்கிறாராம். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றி, பாட்டி நடக்கிறாரா என்று விசாரித்தார். வைப்பதற்கு முன்னால், புது இடம் எப்படி என்று கேட்டேன்.

"பரவாயில்லம்மா. சேரும்போதே அந்த செக்ரட்டரி சார்கிட்ட ஒண்ணு கேட்டுட்டேன், உங்க வீட்டு ஆளுங்களையும் நிறுத்தலாமான்னு. நிறுத்துன்னு சொன்னாரு. அப்புறம்தான் டூட்டிக்கு நின்னேன்."