அப்புவின் யப்பான் நோட்டு

உலகஞ் சுற்றி வந்தவர்கள் தம் பயணக் கதைகளை எழுதுவது வழக்கம். நாம் உலகஞ் சுற்றியவர் அல்லோம். கோண்டாவிலிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து கோண்டாவிலுக்குமாக இருபது ஆண்டுகள் சைக்கிளில் ஓடியதே எமது பெரும் பயணம். உயர்தர வகுப்பு மாணவருக்கு வரலாறு கற்பிப்பது எமது தொழில். உலகப் படத்தில் யப்பானைப் பிரம்பின் நுனியால் எத்தனையோ முறை தொட்டுக் காட்டியிருக்கிறோம். காலால் மிதிப்போமென்று எண்ணியதேயில்லை.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் யொக்கொஹாமா நகரிற் பொறியியலாளராய் இருக்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணம் முழுவதுமே இடம்பெயர்ந்தபொழுது, ஒரு சைக்கிளை இருவராய்த் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் நாம். தொலைபேசியிற் பேசும்போதெல்லாம், “மச்சான், எப்ப வாறாய்?” என்று கேட்பார். “அடுத்த வருசம்” என்று சொல்லியே ஆண்டுகள் கழிந்தன. சென்ற ஓகஸ்ட் விடுமுறைக்கு முன், சீட்டுக்காசு கைக்கு வந்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு புறப்படுவதென்று முடிவு செய்தோம்.

அன்னையாரிடம் சொன்னபொழுது அவர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. காரணம் எமக்குத் தெரியும். அவருடைய தகப்பனார், நாம் அப்பு என்று அழைத்தவர், மலாயாவில் றெயில்வேக் கிளாக்கராய் இருந்தவர். அக்காலத்து யாழ்ப்பாணத்தார் பலர் சென்ற வழி அது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் 1945 செப்டெம்பர் வரை அங்கே யப்பானியர் வைத்ததே சட்டம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளமான இரயிற் பாதை ஒன்றைக் காட்டின் ஊடாக அவர்கள் அமைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அவ்வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரிற் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். அத்தொழிலாளரை ஏற்றிச் சென்ற வண்டிகளுக்குக் கணக்கெழுதும் வேலை அப்புவுக்கு வாய்த்தது. “ஏறின ஆக்களின்ரை கணக்கு எழுதினனான், திரும்பி வந்த ஆக்களின்ரை கணக்கு எழுதக் கிடைக்கேல்லை” என்று ஒருமுறை சொன்னாராம். அதற்குமேல் அவர் அக்கதையைப் பேசியதில்லை.

இளைப்பாறி ஊருக்கு வந்த பின்னரும் யப்பான் சாமான் எதுவும் வீட்டுக்குள் நுழைய அவர் விட்டதில்லை. அயலெல்லாம் யப்பான் றேடியோ பாடிய காலத்திலும் எம் வீட்டில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் றேடியோவே பாடிற்று. ஆனால் ஒன்றை மாத்திரம் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அது யப்பானியர் மலாயாவில் அடித்து வெளியிட்ட பத்து டொலர் நோட்டு. அதில் வாழைமரம் வரையப்பட்டிருக்கும். போர் முடிந்ததும் அது செல்லாக் காசாயிற்று. 1990 இல் அப்பு காலமானார். இடப்பெயர்வுக் காலத்திலே தேவாரப் புத்தகத்தினுள் வைத்து அந்த நோட்டை அன்னையார் ஊரூராய்க் கொண்டு திரிந்தார்.

பயண நாளன்று அதை எடுத்து எம் கையில் தந்தார். “அப்பு இருந்திருந்தால் உன்னைப் போக விட்டிருக்க மாட்டார், தம்பி. போறதெண்டால் இதையுங் கொண்டு போ. அவையின்ரை காசுதானே, அவையளிட்டைக் காட்டு.”

இங்கே இன்னொரு செய்தியையும் மறையாது கூறல் வேண்டும். அப்பு தம் வளவை இரு புதல்வியருக்குஞ் சமமாகப் பிரித்துக் கொடுத்தவர். ஒரு பாதியில் நாம் இருக்கிறோம். மறு பாதியிற் பெரியம்மாவின் மகன், எமக்கு அண்ணர், இருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலி அடைத்தபொழுது கதியால்கள் முக்கால் அடி எம் பக்கம் நகர்ந்துவிட்டனவென்று நாம் சொன்னோம். இல்லையென்று அவர் சொன்னார். சொல் வளர்ந்தது. இரு வீட்டாரும் ஐம்பது ஆண்டுகளாய்ப் போய்வந்த வேலிப் பொட்டு அடைபட்டது. அன்று முதல் பேச்சில்லை. யப்பானுக்குப் போகும்பொழுதுகூட அவரிடம் பயணஞ் சொல்லிக்கொள்ள நாம் போகவில்லை.

கட்டுநாயக்காவில் ஏறி, ஓரிரவு பறந்து, நரிற்றாவில் இறங்கினோம். நண்பரின் வீட்டு வாசலிற் செருப்பைக் கழற்றியது எமக்குப் புதிதன்று. ஆனால் கழற்றிய செருப்பைத் திருப்பி, அதன் மூக்கு வெளிப்புறம் நோக்க வைக்கிறார்களே, அது புதிது. போகும்பொழுது தடுமாறாமற் காலை நுழைத்துக்கொள்ளலாமாம். கிணற்றடிக் குளிப்பில் வளர்ந்த எமக்கு, வீட்டார் எல்லாரும் ஒரே தொட்டி நீரிற் குளிப்பார்களென்றதும் மனங் கூசிற்று. நண்பர் நகைத்தார். உடம்பை வெளியிலே தேய்த்துக் கழுவித் தூய்மையாக்கிய பின்னரே தொட்டியில் இறங்க வேண்டுமாம். தொட்டி அழுக்குப் போக்குவதற்கன்று, களைப்புப் போக்குவதற்கு. பின்னால் வருபவருக்கும் அந்நீர் வேண்டுமென்ற நினைவோடு முன்னவர் குளிக்கிறார். உண்ணத் தொடங்குமுன் நண்பரின் பிள்ளைகள் கை கூப்பி, “இத்தடாக்கிமாஸ்” என்றார்கள். ‘பணிந்து பெற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். தேவாரம் பாடி உண்ணும் வீடுகள் எம்மூரிலும் இருந்தன என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென்று வாதித்த பேராசிரியர் சுசுமு ஓனோவைப் (1919–2008) பற்றி எம் மாணவர்கள் கேட்பதுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும், அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். எம் தைப்பொங்கலையும், சனவரி 15 இல் யப்பானியர் கொண்டாடும் சிறு புத்தாண்டையும் ஓனோ ஒப்பிட்டுக் காட்டினார். மொழியியலாளரிற் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. நாமும் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறத் தகுதியுடையோமல்லோம். ஆயினும், ஒரே பிட்டத்திற் பிறந்தவை போன்ற வழக்கங்களைக் காணும்போது மனம் உவகை கொள்வதைத் தடுக்க முடியவில்லை. அத்தகைய ஒன்றை நாம் கண்ட கதை இனி வருவது.

ஓகஸ்ட் நடுவில் யப்பானிற் பல இடங்களில் ‘ஒபோன்’ என்னும் நாட்கள் வருகின்றன. இறந்த முன்னோர் அந்நாட்களில் தம் வீடு தேடி வருவர் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நீராடித் தந்தையாருக்குரிய கடனைக் கழித்துவிட்டுச் சில வாரங்களுள் அங்கே சென்றிருந்த எமக்கு, அச்செய்தி ஊர்ச் செய்தி போலவே இருந்தது. நண்பரின் அயல் வீட்டில் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே வாழ்கிறார். அவர் எங்களைத் தேநீருக்கு அழைத்தார். வீட்டினுள்ளே முன்னோருக்கான சிறு மாடம். அதன் முன்னே குச்சிகளைக் காலாகக் குத்திய ஒரு வெள்ளரிக்காய், அதே போல ஒரு கத்தரிக்காய். வெள்ளரிக்காய் குதிரையாம்; கத்தரிக்காய் மாடாம். வரும்போது குதிரையேறி விரைந்து வரவேண்டும். போகும்போது மாடேறி மெல்லப் போகவேண்டும். எமக்குக் கண் கலங்கிற்று. இறந்தவரை இத்தனை ஆசையோடு வரவேற்று, இத்தனை தயக்கத்தோடு வழியனுப்பும் முறையை நாம் வேறெங்குங் கண்டதில்லை.

மாடத்திலே படை உடையில் ஓர் இளைஞனின் படம் இருந்தது. அம்மையாரின் தந்தை. அவர் பர்மாவில் மாண்டபொழுது அம்மையார் கைக்குழந்தை. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்ததாம். உள்ளே எலும்பில்லை, ஒரு சிறு கல் இருந்ததாம்.

பர்மா என்ற பெயரைக் கேட்டதும் எம் கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டது. காட்டுவதா, விடுவதா என்று தெரியவில்லை. விருந்தாளியாய் வந்த வீட்டில், அதுவும் அத்தகைய நாளில், பழங் கணக்கைக் கிளறுவது பண்பாகுமா? நண்பரின் முகத்தைப் பார்த்தோம். “காட்டு மச்சான், நான் சொல்லுறன்” என்றார் அவர். நோட்டை எடுத்து வைத்தோம். அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் அடியிலிருந்த எழுத்துகளை வாய்விட்டு வாசித்தார். ‘மகா யப்பான் பேரரசின் அரசாங்கம்’ என்பது அதன் பொருளாம். நண்பர் அப்புவின் கதையை, வண்டிக் கணக்கு உட்பட, ஒன்றும் மறைக்காமற் சொன்னார்.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அந்த நோட்டை இரு கைகளாலும் ஏந்திச் சென்று, தம் தந்தையின் படத்தருகே வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கை கூப்பினார். நாமும் கூப்பினோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நாம் மன்னித்தோமென்று சொல்லவும் இல்லை. அவர் கேட்கவேண்டியவருமல்லர், நாம் கொடுக்க உரியவருமல்லோம். திரும்பி வாராதவர்களுக்காக இரு வீட்டார் சேர்ந்து கும்பிட்டோம்; அவ்வளவே. புறப்படும்பொழுது நோட்டை மீண்டும் இரு கைகளாலும் எம்மிடம் தந்தார்.

மறுநாள் நண்பர் எங்களைக் கமகுராவுக்கு அழைத்துச் சென்றார். யொக்கொஹாமாவுக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள பழைய தலைநகர் அது. அங்கே கோத்தொக்குயின் என்னும் கோயிலில் 1252 அளவில் வார்க்கத் தொடங்கிய வெண்கலப் புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். உயரம் பதினொரு மீற்றருக்கு மேல். நிறை 121 தொன். ஒரு காலத்தில் அவரைச் சூழ்ந்திருந்த மண்டபம் அழிந்துபோயிற்று. இன்று அவருக்கு வானமே கூரை.

அக்கோயில் வளவிலே நாம் எதிர்பாராத பெயரொன்று பொறித்த கல் நின்றது. அது ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பெயர். அவர் நினைவாக 1991 இல் நிறுவப்பட்ட கல். 1951 செப்டெம்பர் 6 இல் சான் பிரான்சிஸ்கோச் சமாதான மகாநாட்டில் இலங்கையின் நிதி அமைச்சராய் அவர் பேசினார். எம் நாட்டின்மேல் விழுந்த குண்டுகளையும், போருக்காக மிகையாகப் பால் வெட்டி அழிக்கப்பட்ட இறப்பர் மரங்களையும் எடுத்துக் கூறினார். ஆயினும் யப்பானிடம் நட்டஈடு கேளோம் என்றார். பகையைப் பகையால் அணைக்க முடியாதென்ற புத்தர் போதனையே அதற்கு அவர் காட்டிய ஆதாரம். யப்பானியர் அதை இன்றும் மறக்கவில்லை.

வகுப்பறையில் இப்பேச்சை நாம் பலமுறை விளக்கியதுண்டு. ஆனால் கல்லின் முன்னே நின்றபொழுது, வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு பக்கத்தை மாத்திரம் படிக்கும் உரிமை இல்லையென்பது நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளின் பின், 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகி, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானபொழுது, அவரே எம் சனாதிபதி. 1983 யூலையிலும் அவரே. கடலுக்கப்பாலுள்ளவரிடம் சொல்லப்பட்ட அந்த உயர்ந்த சொல், சொந்த வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. சொல் பொய்யென்று நாம் கூறோம். அச்சொல்லால் ஒரு நாடு தலை நிமிர்ந்தது. அது இங்கே எட்டவில்லையே என்பதுதான் எம் ஆற்றாமை.

இவ்வாறு மனைவியிடம் சற்று உரத்தே விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தோம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “நேற்று முன்பின் தெரியாத மனிசியோடை சேர்ந்து நிண்டு கும்பிட்டனீங்கள். பக்கத்து வளவிலை அண்ணரோடை நாலு வருசமாக் கதையில்லை. தூரத்திலை எண்டால் எல்லாருக்கும் சுகந்தான்.”

எமக்கு விடை வரவில்லை. நண்பர் புத்தரை அண்ணாந்து பார்ப்பவர்போல அப்பால் நகர்ந்தார்.

அன்று பிற்பகல் செனியராய் பென்தென் என்னும் கோயிலுக்குப் போனோம். மலையைக் குடைந்த வழியால் உள்ளே செல்லவேண்டும். அங்கே கோயில் கொண்டிருக்கும் பென்சாய்தென் என்ற தெய்வம், பௌத்தத்தோடு யப்பானுக்குச் சென்ற நம் சரசுவதியே. குகைச் சுனை நீரிற் கூடையில் வைத்துக் காசைக் கழுவினால் அது பன்மடங்காய்ப் பெருகுமென்பது அங்குள்ளார் நம்பிக்கை. கலைமகளிடம் காசு கேட்கிறார்களே என்று வியந்தாலும், நாமும் நூறு யென் நாணயம் ஒன்றைக் கழுவினோம். “அப்புவின்ரை நோட்டையும் ஒருக்கால் நனையன், மச்சான்” என்றார் நண்பர். வேண்டாமென்று தலையசைத்தோம். அந்த நோட்டு மாத்திரம் இனி உலகிற் பெருக வேண்டாம்.

ஊருக்கு மீண்ட மறுநாள் மாலை, பச்சைத் தேயிலைப் பொதி ஒன்றையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பொட்டு அடைபட்டிருந்தபடியால் ஒழுங்கையாற் சுற்றி, அண்ணர் வீட்டுப் படலையைத் திறந்தோம். அவர் முற்றத்திற் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “வா. இரு” என்றார். நான்கு ஆண்டுகளுக்கு அந்த இரண்டு சொல்லே போதுமாயிருந்தது.

நோட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எம்மிலும் பத்து வயது மூத்தவர்; அப்புவிடம் எமக்குக் கிடையாத கதைகள் அவருக்குக் கிடைத்திருந்தன. “சண்டை முடியப்போற நாளையிலை இதைக் குடுத்து ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கு வாங்க அப்பு வரிசையிலை நிண்டவராம். ஆளுக்காள் இடிபட்டு அடிபட்டுத் தன்ரை முறை வரேக்கை, இந்தக் காசு இனிச் செல்லாதெண்டு சொல்லிப்போட்டாங்களாம். இதுக்கோ இவ்வளவு நேரமும் அடிபட்டனாங்களெண்டு எல்லாருமாச் சிரிச்சவையாம்.” சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நாமும் சிரித்தோம். வேலியைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

முக்கால் அடி வழக்கு இன்னும் தீரவில்லை. நில அளவையாளரை அழைப்பதென்று இருவரும் பின்னர் ஒத்துக்கொண்டோம். ஆனால் அவர் வருமுன்பே, ஒரு காலைப்பொழுதில் அண்ணர் இரண்டு கதியாலுக்கிடையே கிடுகை விலக்கிப் பழைய பொட்டைத் திறந்துவிட்டார். அன்று அன்னையார் அதனூடாகத் தம் தமக்கையார் வீட்டுக்கு ஒரு கோப்பை பிட்டு அனுப்பினார். மதியம் அதே கோப்பை முருங்கைக்காய்க் கறியோடு திரும்பி வந்தது.