பெர்லினில் பொருள் வாங்குமுன்

வேலைக்காகவும் படிப்பிற்காகவும் ஜெர்மனிக்குச் சென்றுள்ள பிள்ளைகளைக் காணப் பெர்லின் மாநகருக்குப் புறப்படும் பெற்றோர் நம் குடும்பங்களில் உண்டு. மும்பையிலும் பெங்களூரிலும் ஞாயிறு இரவிலும் பால் வாங்கிப் பழகிய நமக்கு அந்நகரின் கடை ஒழுங்கு புதிது. அதை முன்னதாகவே அறிந்து சென்றால் பணமும் மிஞ்சும், மனமும் அமைதியாயிருக்கும்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமையை நினைவில் வையுங்கள். ஆண்டில் சில ஞாயிறுகள் தவிர, அன்று கடைகள் அடைக்கப்பட்டிருக்கும். இது வியாபாரிகளின் விருப்பமன்று, சட்டம். ஞாயிறு உழைப்பிலிருந்து ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்குமான நாள் என 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட விதி, 1949-இன் அரசியல் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கப் பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, சபைகள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அவ்வனுமதி செல்லாதென்று தீர்ப்பளித்தது. கடையில் நிற்கும் ஊழியருக்கும் குடும்பம் உண்டல்லவா? ஆகவே பால், அரிசி, குழந்தைக்கு வேண்டியவை யாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தவறினால், மத்திய ரயில் நிலையத்திலுள்ள கடைகள் ஞாயிறன்றும் கைகொடுக்கும்.

இரண்டாவது, கையில் துணிப்பை ஒன்று இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கடைகள் கொடுப்பது 2022 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. காகிதப் பைக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டும். வாங்கிய பொருட்களை நீங்களே விரைவாகப் பையில் எடுத்து வைக்க வேண்டும். தள்ளுவண்டியை விடுவிக்க ஒரு யூரோ நாணயம் தேவைப்படலாம். வண்டியைத் திரும்ப நிறுத்தியதும் அது கிடைத்துவிடும். அட்டையை ஏற்காத சிறு கடைகளும் இருப்பதால் கொஞ்சம் ரொக்கமும் அவசியம்.

மூன்றாவது, விலையைக் கவனியுங்கள். சீட்டிலுள்ள விலையில் வரியும் அடங்கும். கீழே சிறிய எழுத்தில் ஒரு கிலோவுக்கோ ஒரு லிட்டருக்கோ உரிய விலையும் இருக்கும்; அதைக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆல்டி, லிடில் ஆகியவை மலிவு விலைக்குப் பெயர்பெற்றவை. கால்வாய்க் கரையான மைபாகுஊஃபரில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கியர் சந்தையில் காய்கறிகளும் பழங்களும் வாங்கலாம். 1907-இல் தொடங்கிய காடேவே பேரங்காடியைச் சுற்றிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

நான்காவது, துணிமணி போன்றவற்றை வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஒரு கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். கடவுச்சீட்டைக் காட்டி அதற்குரிய படிவத்தைக் கேளுங்கள். எல்லாக் கடைகளும் தருவதில்லை. நாடு திரும்பும்போது, பெட்டியை விமானத்தில் ஒப்படைக்குமுன் பொருளையும் படிவத்தையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை பெறுங்கள். பெட்டி போனபின் முத்திரை கேட்டுப் பயனில்லை. விலை 100 யூரோவானால் அதிலுள்ள 19 சதவீத வரி ஏறக்குறைய 16 யூரோ. இடைநிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைக் கழித்தே மீதியைத் தரும்.

கடைசியாக, வெறும் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கப்படுகிறது. அங்காடியிலுள்ள இயந்திரத்தில் இட்டால் சீட்டு வரும். அதைக் காசாளரிடம் கொடுத்தால் பணம் கிடைக்கும். வழியில் இயந்திரம் இல்லையென்றால், அந்நகரத்தார் பலர் செய்வதுபோல் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே வைத்துவிடுங்கள். அவற்றைச் சேகரித்துச் சில்லறை சேர்க்கும் ஏழைகள் அங்கும் இருக்கின்றனர். தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் சிறுமை அவர்களுக்கு வேண்டாம்.