ஆலந்தலையில் ஒரு நிலா ராத்திரி

“ராத்திரி வேளையில் கடற்கரைக்கா? அதுவும் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டா?” என்று அத்தை கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. என்னவர்தான் சமாதானம் சொன்னார். கல்யாணமாகி 8 வருஷத்தில், ராத்திரி வீட்டுக்கு வெளியே நான் கண்விழித்தது பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டும்தான்! பாத்திரம் கழுவி, பாலுக்கு உறை ஊற்றி, கதவைத் தாழ் போட்டால் நம் ராத்திரி முடிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

கரீபியன் கடலில் பார்படாஸ் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஓய்ஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊரில் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் திருவிழாதான். கடலோரக் கடைகளில் மீனைச் சுட்டும் பொரித்தும் கொடுக்க, பாட்டும் ஆட்டமுமாக ஊரே கூடுமாம். அதைப் படித்த நாள் முதல் எனக்கு ஓர் ஆசை. அவ்வளவு தூரம் போக நம்மால் ஆகுமா? “நம் பக்கத்து மீனவர் ஊரில் ராத்திரி எப்படி இருக்கும்?” என்று இவரைக் கேட்டேன். இவருடன் வேலை பார்ப்பவரின் சொந்த ஊர் ஆலந்தலை. “பௌர்ணமிக்கு எங்க அக்கா வீட்டுக்கு வாங்க” என்று அழைத்துவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே அத்தையும் கிளம்பினார்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இருக்கிறது ஆலந்தலை. திருஇருதயங்களின் திருத்தலம் உள்ள ஊர். முதலில் திருச்செந்தூர்க் கடற்கரைக்குத்தான் போனோம். அடேயப்பா! சில வருஷங்களாகப் பௌர்ணமியன்று கடலோரத்தில் தங்குவது பெரிய வழக்கமாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்பது நிலைக் கோபுரம் விளக்கொளியில் ஜொலிக்கிறது. சுக்குக் காப்பி, சுண்டல், அவித்த பனங்கிழங்கு, அவரவர் வீட்டுப் புளியோதரை என்று ஒரே மணம். ஒருத்தி தாலாட்டுப் பாட, பக்கத்துக் குடும்பத்துக் குழந்தையும் சேர்ந்து தூங்கிற்று. அடுப்பு இல்லை, அவசரம் இல்லை. அத்தைகூட மணலில் காலை நீட்டிக்கொண்டு, “காத்து நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஆலந்தலைக்குத் திரும்பிப் படுத்தபோது மணி 11. மூன்று மணி இருக்கும், பேச்சுக்குரல் கேட்டு விழித்தேன். வீட்டுக்கார அக்கா தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கடலுக்குக் கிளம்புகிறார். நானும் கரைக்குப் போனேன். நிலவில் மணல் உப்புப் போல வெளுத்துக் கிடந்தது. நாலைந்து பேர் தோள் கொடுத்து வள்ளத்தைத் தள்ளினார்கள். எஞ்சின் உறுமிற்று. சிறிது நேரத்தில் ஒரு புள்ளிதான் தெரிந்தது.

“எவ்வளவு அழகான நிலா, அக்கா!” என்றேன்.

அவர் சிரித்தார். “உங்களுக்கு அழகு, தங்கச்சி. எங்களுக்கு நிலாக்காலம்னா பாடு குறைவு. வெளிச்சத்துல மீன் வலையைக் கண்டு ஒதுங்கிரும். இருட்டுலதான் எங்களுக்குச் சோறு.”

எனக்குச் சுருக்கென்றது. நாம் கொண்டாட வந்த ராத்திரி, அவர் வீட்டில் கையைச் சுருக்கிச் செலவு பண்ணவேண்டிய ராத்திரி!

இந்தக் கரைக்கு ராத்திரி என்பது எப்போதுமே தொழில் நேரம்தான். இரவில் கடலைவிடத் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பாய்மரக் காலத்தில் முத்துக்குளிக்கும் தோணிகள் அந்தக் காற்றில்தான் இருட்டோடு கிளம்பும். பகலில் கடற்காற்றில் திரும்பும். குளிப்பவரின் கயிற்றை அவர் மச்சான் பிடிப்பாராம். தங்கச்சி தாலிக்காகவாவது கண்ணும் கருத்துமாய் இருப்பார் அல்லவா! தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. கயிறு போய்விட்டது, கவலை போகவில்லை.

“செல்போன் இருக்கே, பேசலாமே?” என்றேன். “கொஞ்சம் உள்ளே போயிட்டா சிக்னல் ஏது? அவரு கரை ஏறுற வரைக்கும் எனக்குப் பொழுது விடியாது” என்றவர், கூடவே, “ஆனா ராத்திரியை எனக்குப் பிடிக்கும். பிள்ளைங்க தூங்கினப்புறம் இந்தக் கரையில உக்காந்தா, யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க” என்றார். இந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இருவரும் சிநேகிதிகளாகிவிட்டோம்.

நீங்களும் போகலாம். தசரா சமயமானால் இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினம் போய்ப் பாருங்கள். காளி, ராஜா, குறத்தி என்று வேஷம் கட்டிய பக்தர்கள் மேளம் முழங்க வருவார்கள். பத்தாம் நாள் நடுநிசியில் கடற்கரையில் சூரசம்ஹாரம். கூட்டம் சொல்லி முடியாது. கைக்குழந்தைக்காரர்கள் வேறு நாளில் போவதே நல்லது.

எங்கே போனாலும், குழந்தைக்குக் காதை மூடும் குல்லாய், ஒரு போர்வை, கொதித்து ஆறிய தண்ணீர் அவசியம். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். பௌர்ணமி, அமாவாசையில் கடல் அதிகமாக ஏறி இறங்கும். இருட்டியபின் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். போட்ட குப்பையை எடுத்து வந்துவிடுங்கள். மறுநாள் வலை இழுக்கிறவர்களின் கரை அது.

காலை 9 மணிக்கு வள்ளம் திரும்பியது. கூடையில் பாதிகூட இல்லை. ஆனாலும் அக்கா முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் எங்களுக்கு ஒரு கை சாளை மீன் கொடுத்தார்.

ஊர் திரும்பிப் பதினைந்து நாள் இருக்கும். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, “இன்னிக்கு அமாவாசைடி. அந்தப் பொண்ணு வீட்டுல இன்னிக்காவது நல்லா மீன் படணும்” என்றார்.