ஏழு மலை... நாலு டார்ச்!

வெள்ளியங்கிரி கிளம்பறீங்களா? ஸ்வெட்டர், குளுக்கோஸ், தண்ணி எல்லாம் லிஸ்ட்ல இருக்கும். டார்ச்? ‘அதான் செல்போன்ல இருக்கே பாஸ்!’னு சொல்ற ஆளா நீங்க? அப்போ அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க. தப்பான டார்ச்சால ஒரு பெரியவரைக் கீழே விழவெச்சவன் சொல்றேன்.

கோவை காந்திபுரத்துல பஸ் ஏறினா அடிவாரமான பூண்டியில இறங்கலாம். பிப்ரவரி தொடங்கி மே வரைக்கும்தான் மலையேறும் சீஸன். ஏழு மலை, ஒரு வழிக்கே சுமார் ஆறு கிலோமீட்டர். வெயிலுக்கு பயந்து பலரும் ராத்திரியிலதான் ஏறுவாங்க. நாங்க நாலு பேரும் ராத்திரி பத்து மணிக்கு, ஆளுக்கொரு மூங்கில் கம்போட முதல் படியில கால் வெச்சோம்.

என் கையில புது டார்ச். “அரை கிலோமீட்டர் அடிக்கும் தம்பி”னு கடைக்காரர் சொன்னதுல மயங்கி வாங்கினது. ஹாஸ்டல் மொட்டை மாடியில இருந்து தூரத்துத் தண்ணித் தொட்டி மேல அடிச்சுப் பார்த்தப்போ கெத்தாதான் இருந்துச்சு. படியில? காலடியில சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுத்தி கும்மிருட்டு. வட்டத்தையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அடுத்த படி எங்கேன்னே தெரியலை. மலிவா ஒரு ஹெட்லைட் வாங்கி நெத்தியில மாட்டியிருந்த ரூம்மேட் ஜாலியா முன்னாடி போயிட்டான்.

ரெண்டாவது மலையில எதிரே ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வேட்டி, வெறுங்கால். வெளிச்சம் நேரா அவர் முகத்துல. “லைட்டக் கீழ புடி கண்ணு”ன்னார். குறைச்சு வைக்கலாமேன்னு பதறிப்போய் பட்டனை அமுக்கினேன். என் டார்ச்சுல ஒரே பட்டன்தான். ஒரு அமுக்குக்கு ஃபுல், அடுத்ததுக்கு பாதி, அதுக்கடுத்ததுக்கு போலீஸ் வண்டி மாதிரி படபடன்னு மினுக்கல். அந்த மினுக்கல்தான் அவர் கண்ணுல விழுந்துச்சு!

கால் தவறி அப்படியே பாறையில உட்கார்ந்துட்டார். கம்பு கடகடன்னு உருண்டுது. ஓடிப்போய்ப் பிடிச்சோம். முழங்கால்ல சிராய்ப்பு, ரத்தம். இன்னும் ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா சரிவு. நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. அவர் திட்டலை. மூச்சு வாங்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: “நீ பாக்கோணும்னு அடிச்ச வெளிச்சத்துல, நான் பாக்க முடியாமப் போச்சே கண்ணு!”

அவர் டார்ச்சைப் பார்த்தேன். பழைய ரெண்டு பேட்டரி போடற எவர்சில்வர் டார்ச். தள்ளினா எரியும், இழுத்தா அணையும், அவ்வளவுதான். கண்ணாடி மேல மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். வெளிச்சம் காலைச் சுத்திப் பால் மாதிரி பரவுச்சு. அதையும் முழங்கால் உயரத்துல பிடிச்சிருந்தார். தாழ்வா வர்ற வெளிச்சத்துல குட்டிக் கல்லுக்குக்கூட நீளமா நிழல் விழும், மேடு பள்ளம் பளிச்சுன்னு தெரியும். ஹெட்லைட் கண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கறதால நிழல் கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். முன்னாடி ஜாலியா போன ரூம்மேட் அதுக்குள்ள ரெண்டு தடவை இடறியிருந்தான்!

அவர் டெக்னிக்கையே சுட்டேன். பாதி வெளிச்சத்துல வெச்சு, கர்ச்சீப்பைக் கண்ணாடி மேல கட்டினேன். பாதை விரிஞ்சுது. (ஃபுல் வெளிச்சத்துல இதைச் செய்யாதீங்க, பவர் ஜாஸ்தியான டார்ச்சுல துணி கருகிடும்.)

ஆறாவது மலையில குளிரும் பனிமூட்டமும் சேர்ந்துடுச்சு. ஹெட்லைட்காரனுக்கு மூஞ்சிக்கு முன்னாடி வெள்ளைச் சுவர்தான் தெரிஞ்சுது. பனித்துளியில பட்டு வெளிச்சம் திரும்ப அவன் கண்ணுக்கே வருது. கழட்டி இடுப்புக்கிட்ட பிடிச்சதும் பாதை வந்துடுச்சு. செல்போன்காரனுக்கு சார்ஜ் காலி. நாலாவது நண்பனோட டார்ச் பைக்குள்ளயே பட்டன் அமுங்கி, எடுக்கும்போதே செத்துப் போயிருந்துச்சு!

அதனால, கடைக்குப் போனா...

வெளிச்சம்: அட்டையில இருக்கற ‘லூமன்’ங்கறது மொத்த வெளிச்சம். ‘கேண்டெலா’ங்கறது அது ஒரே திசையில எவ்வளவு குவியுதுங்கற கணக்கு. ‘200 மீட்டர்’னு போட்டிருந்தா, அந்த தூரத்துல வெளிச்சம் கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா அளவுக்குக் குறைஞ்சுடும்னு அர்த்தம். மலைப் பாதைக்கு உங்களுக்கு வேண்டியது முன்னாடி பத்து மீட்டர்தான். கடைச் சுவர்ல அடிச்சுப் பாருங்க. நடுவுல கூர்மையா ஒரு புள்ளி மட்டும் விழுந்தா, அது தோட்டக் காவலுக்கு. நடு வெளிச்சம் மெதுவா மங்கி ஓரம் வரைக்கும் பரவினா, அது நடைக்கு.

ஸ்விட்ச்: ஒரு கையில கம்பு இருக்கும். அதனால இன்னொரு கையோட கட்டை விரலாலயே, இருட்டுல தடவியே போட, அணைக்க முடியணும். முதல் அமுக்குக்குக் குறைஞ்ச வெளிச்சம் வர்றதா பாருங்க. மினுக்கல் சாதாரண வரிசையில வரவே கூடாது. பைக்குள்ள வைக்கறப்போ பேட்டரி மூடியைக் கொஞ்சம் தளர்த்தினா பல டார்ச் தானா எரியாது. அதையும் அங்கேயே சோதிச்சுடுங்க. மாத்து பேட்டரி மறக்காதீங்க.

ஏழாவது மலை உச்சியில ஏறி நின்னப்போ கிழக்கு சிவந்துட்டிருந்துச்சு. ஒவ்வொரு டார்ச்சா அணைஞ்சுது. சுத்தி மேகம், நடுவுல நாங்க. சாமி கும்பிட்டப்போ எனக்கு ஒரே வேண்டுதல்தான்... அந்தப் பெரியவர் பத்திரமா அடிவாரம் சேர்ந்திருக்கணும்.

சேர்ந்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் எந்த மலை ஏறினாலும், எதிரே ஆள் வந்தா என் கை தானா தரையைப் பார்த்துத் திரும்பிடும். உங்க கையும் திரும்பட்டும், பாஸ்!