எச்சீட்டை வைப்பது?

நெவாடா சூதாட்ட விடுதிகளிலுள்ள போக்கர் யந்திரம் ஐந்து சீட்டுகளைக் காட்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஒருமுறை மாற்றலாம். இரண்டு ஏழுகளோடு ஒரு ராஜாவும் வந்துவிட்டால், ராஜாவைக் கைவிட நமக்கு மனம் துணிவதில்லை. கணக்கோ ஏழுகளை மட்டும் வைக்கச் சொல்கின்றது. மூன்றாவது ஏழு வருதற்கு இடம் வேண்டுமன்றோ? அக்கையிலேயே நான்கு இஸ்பேடுகள் இருப்பின், ஜோடியையும் உடைத்து இஸ்பேடுகளையே வைத்தல் வேண்டும். எஞ்சிய 47 சீட்டுகளில் இஸ்பேடு 9 உண்டு. ஜாக்கி ஜோடியாயின் உடைக்கலாகாது. போட்ட பணம் அதற்கே திரும்பும்.

நிற்க. இவ்வளவும் பிழையறத் தெரிந்து, முழுப் பந்தயம் கட்டி ஆடினும், நல்ல யந்திரத்தில் 100 டாலருக்குச் சராசரி 99.54 டாலரே மீளும். மூன்றும் இரண்டுமாய்ச் சேர்ந்த கைக்கு 9, ஓரினக் கைக்கு 6 என்னும் பரிசை 8, 5 எனக் குறைத்த யந்திரத்திலோ 97.30 தான். அவ்வெண்கள் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். பணம் போடுமுன்னரே வாசிக்கலாம்.